போகாதவளின் கல்லறை

அறுபத்தோரு வயது ஓப்பல் ஸ்டெட்மனுக்குச் சொத்து என்று இரண்டு இருந்தன. மேற்குக் கான்சாஸில், ஹாலோவே என்ற ஊரில், காற்று ஓயாமல் அறைகிற ஒரு மர வீடு. அப்புறம் பாட்டி கெசியாவின் கல்லறை. இரண்டில் கல்லறைதான் நல்ல நிலையில் இருந்தது.

பாட்டியை அவள் பார்த்ததில்லை. அந்த ஊருக்கு முதலில் வந்து மண்கட்டி வீட்டில் குடியிருந்தவர்களில் ஒருத்தி. வெட்டுக்கிளி வந்து, கொடியில் காய்ந்த துணியைக்கூட விடாமல் தின்ற வருஷம், பாதி ஊர் வண்டி கட்டிக்கொண்டு கிழக்கே திரும்பிவிட்டது. கெசியா போகவில்லை. அந்தக் குளிர்காலமே காய்ச்சலில் கண்ணை மூடினாள். அவள் விட்டுச்சென்ற கைக்குழந்தை ஏமோஸ்தான் ஓப்பலின் அப்பா.

இந்தக் கதையை நம்பித்தான் ஓப்பல் வாழ்ந்தாள். தந்தி ஆபீஸ் லீலண்ட், "ஓரிகனுக்கு வர்றியா, கல்யாணம் பண்ணிக்கலாம்" என்று கேட்டபோது, "எங்க வீட்டுப் பொம்பளைங்க ஊரை விட்டு ஓடுனதில்ல" என்றாள். அவன் போய் ஆப்பிள் தோட்டம் போட்டு நன்றாகவே இருந்தான். புழுதிப் புயல் வானத்தை மூடிய காலத்தில் தம்பி விர்ஜில் கலிபோர்னியாவுக்கு மூட்டை கட்டினான். "பாட்டி எந்திரிச்சு வந்து உன் மூஞ்சில துப்புவாடா" என்று ரயிலடியிலேயே கத்தினாள். அதோடு பேச்சு நின்றது. கிறிஸ்துமஸ் தவறாமல் அவன் ஒரு பெட்டி ஆரஞ்சு அனுப்புவான். அவள் ஒரு சுளைகூட வாயில் போடாமல் சர்ச்சுக்குக் கொடுத்துவிடுவாள்.

மாநிலத்துக்கு நூறு வயது ஆனதும் ஊருக்கு முன்னோர்கள்மேல் திடீர்ப் பாசம் பொங்கியது. முன்னோடிக் குடும்பச் சங்கத் தலைவி திருமதி ஹேசல்டைன், கெசியாவுக்குப் புதுக் கருங்கல் வைக்கத் தீர்மானம் போட்டாள். கல்லில் 'அவள் போகவில்லை' என்று பெரிதாக வெட்டியாயிற்று. அடியில் பெற்றோர் பெயருக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள். அதைக் கேட்டறிந்து வர ஓப்பல் ஓஹையோவுக்கு பஸ் ஏறினாள். அவள் ஊர் எல்லையைத் தாண்டிப் போன முதல் பெரிய பயணம் அதுதான்.

பாட்டி பிறந்த ஊரின் கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்த கிழவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "ஏம்மா, நீ கெசியா வீட்டு ஆளா? அந்த மோவாய் வேற யாருக்கும் கிடையாதே."

"என் பாட்டிதான். அவங்களைப் பெத்தவங்க கல்லறை எங்க இருக்கு?"

"இதோ. பக்கத்துலயே கெசியாவும் இருக்காளே."

இருந்தாள். அதே பெயர், அதே பிறந்த தேதி. இறந்தது எண்பத்திரண்டாம் வயதில். அப்போது ஓப்பலுக்கே வயது முப்பத்துநாலு.

"ஒத்தைப் பையோட திரும்பி வந்தாளாம்" என்றார் கிழவர். "கான்சாஸ்னு யாராவது சொன்னாலே எந்திரிச்சுப் போயிருவா. பியானோ சொல்லிக் கொடுத்தா, தோட்டம் போட்டா, சிரிச்சுக்கிட்டேதான் இருந்தா. ஒண்ணுதான் எங்களுக்குப் புரியல. வருஷா வருஷம் அக்டோபர் பதினொண்ணு ஆனா ஒரு கேக் சுட்டு, தான் தொடாம, தெருப் பிள்ளைங்களுக்குக் கொடுத்துருவா. நானே தின்னிருக்கேன்."

அக்டோபர் பதினொன்று அப்பாவின் பிறந்தநாள். தாத்தா இரண்டாந்தாரமாகக் கட்டிய சின்னம்மாவிடம் வளர்ந்த அந்த மனுஷன் ஆயுசுக்கும் ஒரு பிறந்தநாள் கேக்கைக் கண்டதில்லை. ஓப்பலுக்குக் கோபம் தலைக்கேறியது. பெற்ற பிள்ளையை விட்டுவிட்டா போவாள் ஒருத்தி? பஸ் இண்டியானா தாண்டும்வரை பாட்டியைத் திட்டினாள். மிசௌரியில் அது பொறாமையாக மாறியிருந்தது. ஊர் வந்தபோது ஒன்று விளங்கியது. ஓடிப்போனவள் என்று சொல்ல வெட்கப்பட்டுத் தாத்தா ஒரு வெறும் குழியை மூடியிருக்கிறார். மறு கல்யாணத்துக்கும் அது தோதாக இருந்திருக்கும். அந்த வெறும் மண்ணுக்குத்தான் அவள் இத்தனை வருஷம் பியோனிப் பூ வைத்துக்கொண்டிருந்தாள்.

திருமதி ஹேசல்டைன் முழுக்கக் கேட்டாள். பிறகு காபியைக் கலக்கினாள்.

"கல்லு வெட்டியாச்சு, ஓப்பல். பேண்டு வாத்தியத்துக்கும் சொல்லியாச்சு."

"உள்ள ஆளே இல்லம்மா!"

"அதை யாரு தோண்டிப் பாக்கப் போறா? சங்கத்துல வேணும்னா ஓட்டுக்கு விடுறேன்."

விட்டாள். கெசியா ஹாலோவேயில்தான் இறந்தாள் என்று ஏகமனதாக முடிவாயிற்று.

அன்று மாலை ஓப்பல் கலிபோர்னியாவுக்கு போன் போட்டாள்.

"யாரு?" என்றான் விர்ஜில்.

"அக்காடா."

"பாட்டி இன்னும் துப்பலக்கா" என்றான்.

"அவ எப்படிடா துப்புவா? உனக்கு முன்னாடியே ஓடுனவ அவ. நான்தான்டா பைத்தியக்காரி. உங்க வீட்ல எனக்கு ஒரு கட்டில் போட இடம் இருக்குமா?"

மே மாதக் கடைசியில், கல்லறைகளுக்குப் பூ வைக்கும் நாளில், பேண்டு முழங்க அந்தக் கல்லின் திரையை விலக்கினார்கள். பேத்தி எப்படியும் வந்துவிடுவாள் என்று சொல்லி, அவளுக்காக முன்வரிசையில் ஒரு நாற்காலியைக் காலியாக வைத்திருந்தாள் திருமதி ஹேசல்டைன். 'அவள் போகவில்லை' என்று ஊரே சத்தமாக வாசித்துக் கைதட்டியது. ஓப்பல் அந்நேரம் ரயிலில் கொலராடோ எல்லையைத் தாண்டிவிட்டிருந்தாள், மடியில் ஒரு ஆரஞ்சை உரித்துக்கொண்டு.