ஜவ்வாது மலையிலிருந்து புளி லாரியில்

எண்பத்திரண்டாம் வருடம் மாசி மாதம், ஜவ்வாது மலையில் தங்கை வீட்டில் நாலு நாள் இருந்துவிட்டு ஆலங்காயம் திரும்பினேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். நாலு பேர் எதிரில் பேசவும் கூச்சம். ஆனாலும் அந்தப் பயணத்தை எழுதத் தோன்றுகிறது.

காலை ஏழு மணி. பஸ்ஸுக்கு இரண்டே கால் ரூபாயை முந்தானையில் முடிந்துகொண்டு சாலையில் நின்றேன். ஆலங்காயம் முப்பது கிலோமீட்டருக்குக் குறையாது. பஸ் வரவில்லை. புளி ஏற்ற வந்த லாரிதான் வந்தது. “முன்சீட்ல குந்திக்கோ ஆயா, எறக்கி வுட்டுட்றேன்” என்றார் டிரைவர் பாஷா.

ஏழரை மணி. மூட்டை ஏற்றுவதை மேற்பார்வை பார்த்தவள் மல்லிகா. முப்பது வயதிருக்கும். புருஷன் புளியமரத்திலிருந்து விழுந்து காலொடிந்து கிடக்க, ஊர்ப் புளியைக் கொண்டுபோய் இறக்கும் அவன் வேலையைப் போன வாரம்தான் இவள் எடுத்துக்கொண்டாளாம். பாதி மூட்டை ஆலங்காயம் கடைக்கு, மீதி வாணியம்பாடி மண்டிக்கு. மண்டியில் மூன்று மணிக்கு மேல் எடை போட மாட்டார்கள்.

தங்கை ஊரில் எதுவானாலும் முதல் மரியாதை நாட்டாண்மைக்காரருக்கு. போன வாரம் லாரியிலும் அவர் மூட்டைகளைத்தான் முதலில் ஏற்றினார்கள். அவை அடியில் போய்விட்டன. இறங்க வேண்டியதோ ஆலங்காயத்தில். மற்றவர்கள் மூட்டையை எல்லாம் ரோட்டில் இறக்கி, திரும்ப ஏற்றி, மண்டிக்குப் போனபோது கதவு சாத்தியாயிற்று. புளி இரவெல்லாம் பனியில் கிடந்தது.

“இன்னிக்கும் அப்டின்னா இனிமே நான் மல ஏற மாட்டேம்மா” என்றார் பாஷா. அந்த ஊருக்கு வருவது அந்த ஒரு லாரிதான். அதுவும் நின்றால் புளி தலைச்சுமையாகத்தான் இறங்க வேண்டும்.

மல்லிகா எழுதப் படிக்கத் தெரியாதவள். ஆலங்காயம் மூட்டைக்குக் கற்றாழை நார், வாணியம்பாடி மூட்டைக்குக் கயிறு என்று வாயைக் கட்டியிருந்தாள். கயிறு கட்டியவை முதலில் ஏறின. பத்து மூட்டை ஏறியிருக்கும், நாட்டாண்மைக்காரர் வந்துவிட்டார்.

“இன்னா மல்லிகா, எம்மூட்ட தரையில கெடக்குது, ஊரு மூட்டல்லாம் ஏறுது?”

தூக்கியவர்கள் அப்படியே நின்றார்கள். மல்லிகா குரலை உயர்த்தவில்லை. “உங்களுத போயி பின்னாடி கூட்டத்தோட போட மனசு வர்லீங்க. முன்சீட்ல, லாரி மொதலாளி மாட்டுன சாமி படத்துக்கு நேரா ஒரு மூட்ட வெக்கலாம்னு. நீங்க தொட்டுக் குடுங்க. மிச்சம் கடசீல ஏத்திக்கறேன்.”

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். அங்கே உட்கார்ந்திருந்தது நான். எல்லார் கண்ணும் என்மேல். காது சுட்டது. மல்லிகா பக்கத்தில் வந்து, “ஆயா, மூட்ட மேல குந்திக்கினு வர்றியா?” என்றாள் மெதுவாக. நான் இறங்கினேன்.

“வயசானவள எறக்கிட்டா எம்மூட்டய வெக்கற?” என்று அவர் கோபித்தார். அவர் சொன்னதும் நியாயம்தான். மல்லிகா என்னைப் பார்த்தாள். எனக்கு எங்கிருந்து வாய் வந்ததோ, “உள்ள டீசல் நாத்தம் கொமட்டுதுங்க. எனக்குக் காத்தாட வர்ணும்” என்றேன். உள்ளே ஒரு நாற்றமும் இல்லை.

“காத்தாட வரணுமாம், கல்யாணப் பொண்ணுக்கு!” என்று சிரித்துவிட்டார். மூட்டையைத் தொட்டுக் கொடுத்தார். எனக்கு ஒரு ஜமக்காளமும் போடச் சொன்னார்.

ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். காவலூரில் நட்சத்திரம் பார்க்கும் வெள்ளைக் கூண்டு மரங்களுக்கு மேலே தெரிந்தது. மல்லிகா அதைப் பார்க்கவில்லை. வளைவுக்கு வளைவு, பாரத்தை இழுத்துக் கட்டிய கயிற்றையே பார்த்தாள். கிளை தாழ்ந்த இடத்தில் என் தலையை அமுக்கினாள்.

“மூட்ட தூக்கறது பெருசில்ல ஆயா. எங்க எறங்கும்னு ஏத்தும்போதே பாக்கணும். யாரு மூஞ்சி சுருங்கும்னும் பாக்கணும். அதாங் கஷ்டம்.”

பதினொன்றேகாலுக்கு ஆலங்காயம். நார் கட்டிய மூட்டைகள் அரைமணியில் இறங்கிவிட்டன. கயிறு கட்டியதில் ஒன்றைக்கூட அசைக்கவில்லை. வாணியம்பாடி இன்னும் இருபது கிலோமீட்டருக்குள்தான். எங்கள் ஊர் லாரி ஆபீஸ்களில் மேசையைத் தட்டிச் சத்தம் போட்டுத்தான் வேலை நடக்கும். சத்தமே இல்லாமல் நடந்து அன்றுதான் பார்த்தேன்.

பாஷா வண்டியைக் கிளப்பிவிட்டு, மேலே பார்த்துக் கேட்டார்: “மல்லிகா, வர வாரம் எத்தன மணிக்கு வரட்டும்?”

“ஏழுக்கே வாங்க பாய். அதுக்குள்ள நான் நாட்டாண்ம வூட்டுக்குப் போயி, மொத மூட்டய தொட்டு வாங்கிக்கினு வந்துட்றேன்.”