தொப்புள்கொடி வெட்டியது யார்?

ஐபிலி தன் முதல் கடல்நாயைச் சுட்ட அன்று ஊரே கொண்டாடியது. அவனைப் பெற்ற ரீபா மட்டும் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றாள்.

பதினொரு வயதுப் பையன். உறைந்த கடலில் கடல்நாய் மூச்சுவிட வரும் துளைக்குப் பக்கத்தில் இரண்டு மணி நேரம் ஆடாமல் அசையாமல் நின்று, அப்பா கை வைக்காமல் தானே சுட்டிருக்கிறான். பெற்றவளுக்குப் பெருமை இல்லாமலா போகும்? ஆனால் வடதுருவத்தை ஒட்டிய எங்கள் பக்கத்தில் முதல் வேட்டை வீட்டுக்கு இல்லை. அந்தப் பிள்ளை பிறந்தபோது தொப்புள்கொடியை வெட்டியது யாரோ, அவருக்கு முழுசாகப் போக வேண்டும். அவரைச் சனாஜி என்போம். பிள்ளையை வேட்டைக்காரனாக ஆக்குவது அந்தக் கைதான். அதற்கு உரியதைக் கொடுக்காதவனுக்கு அப்புறம் வேட்டை அமையாது. அது யார் கை என்று ரீபாவுக்குத் தெரியாது.

கடல்நாய் சமையலறைத் தரையில் அட்டை மேல் கிடந்தது. போதாததற்கு அவள் நாத்தனார் உலாயுக், ஊர் வானொலியில் விஷயத்தை அறிவித்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தாள். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை தொலைபேசி அடித்தது. எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி.

"யாருக்குத்தான் குடுக்கப் போற?" என்றாள் உலாயுக், டீயை உறிஞ்சிக்கொண்டே.

"டாக்டருக்கு அண்ணி."

"எந்த டாக்டரு? பேரு?"

"அதான் தெரியல."

"நல்லாருக்குடி! ஊருல இருக்கறவ வயித்துவலிய எல்லாம் டாக்டருக்கு எடுத்துச் சொல்றவ, சொந்தப் பிரசவத்துல என்ன நடந்துச்சுன்னு தெரியலங்கறா!"

அந்தப் பேச்சு ரீபாவுக்குச் சுருக்கென்று தைத்தது. பொய்யும் இல்லை. பதினெட்டு வருஷமாக அவள் எங்கள் ஊர்ச் சுகாதார நிலையத்தில் மொழிபெயர்ப்பவள். டாக்டர் வருஷத்துக்கு மூன்று தடவை வருவார், அதுவும் வானம் விட்டால். மற்ற நாளெல்லாம் இரண்டு நர்ஸ்கள்தான். அவர்களும் ஆறு வாரத்துக்கு ஒரு முறை மாறிவிடுவார்கள். வருகிற ஒவ்வொரு புது முகத்துக்கும் யாருக்கு மூச்சிரைப்பு, யாருக்கு எந்த மருந்து ஆகாது என்று முதலிலிருந்து ஓதுவது ரீபாவின் வேலை. ஊரின் பாதி வியாதி அவள் நாக்கில்தான் இருக்கிறது.

பிரசவம் மட்டும் இங்கே கிடையாது. ஏதாவது ஆகிவிட்டால் ரத்தம் ஏற்ற வழியில்லை, அறுக்க ஆளில்லை. எட்டு மாதம் முடிந்ததும் வயிற்றுக்காரியை விமானத்தில் ஏற்றித் தெற்கே அனுப்பிவிடுவார்கள். ரீபாவும் அப்படித்தான் போனாள், இரண்டு பெண் பிள்ளைகளையும் புருஷன் நுதாராக்கையும் இங்கே விட்டுவிட்டு. அங்கே நோயாளிகள் தங்கும் விடுதியில் ஐந்து வாரம். எந்தப் பக்கம் பார்த்தாலும் மரம். தூரம் என்பதே கண்ணில் படவில்லை. வலி வந்தது, டாக்ஸி வந்தது, கூடவே ரத்தமும் கொட்டியது. மறுநாள் மத்தியானம் கண் விழித்தபோது பையன் கண்ணாடிப் பெட்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்தான். கொடியை வெட்டியது யார் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. ஊர் திரும்பியதும் "டாக்டர்தான்" என்று சொல்லிவைத்தாள். ஊரும் சரியென்று விட்டுவிட்டது.

அந்த ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி போட்டுப் பார்த்தாள். நாலு பேரிடம் மாற்றிவிட்டார்கள். நடுநடுவே பாட்டு வேறு.

"நோயாளி யாருங்க?" என்றது ஐந்தாவது குரல்.

"நோயாளி யாருமில்ல. எம் பையன் கடல்நாய் சுட்டுட்டான்."

"யாருக்காவது அடிபட்டிருக்கா?"

"கடல்நாய்க்குத்தாங்க."

லைன் துண்டிக்கப்பட்டது. ரீபாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று புரியவில்லை.

மறுநாள் வேலைக்குப் போனபோது நர்ஸ் டெனிஸ் அவள் முகத்தைப் பார்த்து விசாரித்தாள். டெனிஸ் ஊருக்கு வந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. சனாஜி என்றால் என்ன என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, ரீபாவிடம் கையெழுத்து வாங்கிப் பழைய பிரசவக் குறிப்பை வரவழைத்தாள். சாயங்காலம் வந்த காகிதத்தை விரல் வைத்துப் படித்தாள்.

"டாக்டர் இல்ல ரீபா. 'கூட இருந்த உறவினர் கொடியை வெட்டினார்'னு போட்டிருக்கு."

"உறவினரா? என் சனம் அத்தனையும் இங்கல்ல இருந்துச்சு!"

வீட்டில் சொன்னதும் நுதாராக் கத்தி தீட்டுவதை நிறுத்தினான். "எந்த உறவு? எனக்குத் தெரியாம உனக்கு அங்க யாரு?"

"தெரிஞ்சா நான் ஏன் இப்படி பைத்தியக்காரி மாதிரி நிக்கறேன்?"

"பேசாம எனக்கே குடுத்துடு," என்றாள் உலாயுக். "நாந்தான் வெட்டினேன்னு வானொலில சொல்லிடறேன். கறியும் கெடாது, உன் மானமும் போகாது."

நாத்தனார் சொன்னது பாதி கேலி. ஆனால் ரீபா ஒரு நிமிஷம் ஆடித்தான் போனாள். அட்டையின் ஓரம் நனைந்துகொண்டிருந்தது. ஐபிலி இரண்டு நாளாகத் துப்பாக்கியைத் தொடவில்லை. யாருக்கு என்று தெரியாமல் அவன் பனிக்கு இறங்க மாட்டானாம்.

மறுநாள் டெனிஸ்தான் சொன்னாள். "பிரசவ அறைக்குள்ள உறவுக்காரங்கள மட்டுந்தான் விடுவாங்க. யாரோ உள்ள வரணும்னே உறவுன்னு சொல்லியிருப்பாங்க."

ரீபாவுக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. டாக்ஸியில் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தது இஜாக். வேறு தீவுக்காரி, விடுதியில் பக்கத்துக் கட்டில். அவளும் நிறைமாதம். நாலு நாள் கழித்து இஜாக்குக்குக் குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. விமானம் ஏறும்போதுதான் ரீபாவுக்கு அது தெரிந்தது. கையில் பையனை வைத்துக்கொண்டு எந்த வாயால் ஆறுதல் சொல்வது என்று தெரியாமல் அவளிடம் பேசவே இல்லை. பதினொரு வருஷம் போய்விட்டது.

இப்போது கூப்பிட்டு, என் பையன் வேட்டையாடிவிட்டான் என்று சொல்வதா? செத்த பிள்ளையை ஞாபகப்படுத்தவா? கூப்பிடாவிட்டால் இவன் கதி? வீட்டுக்கு வந்ததும் தொலைபேசிப் புத்தகத்தில் தேடிப் பிடித்த எண்ணை ரீபா மூன்று முறை அழுத்தி மூன்று முறை நிறுத்தினாள். நாலாவது முறை மணி போய்விட்டது.

"இஜாக் அக்காவா? நான் ரீபா. விடுதியில பக்கத்துக் கட்டில்ல..."

"தெரியுது. சொல்லு."

"அன்னிக்கு எம் பையனுக்குக் கொடி வெட்டினது... நீங்களாக்கா?"

பதில் இல்லை.

"அக்கா? லைன்ல இருக்கீங்களா?"

"அதான் ஆமாங்கறேனே!"

"எங்கக்கா சொன்னீங்க?"

"புருவத்தத் தூக்கினேன்டி!"

ஆமாம் என்பதற்கு நாங்கள் புருவத்தைத்தான் தூக்குவோம். தொலைபேசியில் அது தெரியாது என்பது எத்தனை வருஷமானாலும் எங்களுக்கு உறைக்காது. ரீபா சிரித்துவிட்டாள்.

"ஏன்க்கா சொல்லவே இல்ல?"

"எத்தச் சொல்ல? உனக்கு அக்கா முறைன்னு பொய் சொல்லி உள்ள வந்தேன். கத்தரிய என் கையில குடுத்தாங்க, வெட்டினேன். நாலு நாள்ல என்னுது போயிடுச்சு. அந்தக் கை பட்ட பிள்ளைன்னு உம் பையன நாலு பேரு சொல்லணுமா? ராசியில்லாத கைன்னு நானே வாய மூடிக்கிட்டேன்."

ஊர் முழுக்க எல்லோர் வலிக்கும் வார்த்தை கண்டுபிடிக்கிற ரீபா தொலைபேசியை ஐபிலி கையில் திணித்தாள்.

அவன் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "சனாஜி, நான் ஒரு கடல்நாய் சுட்டிருக்கேன். உங்களுக்குத்தான்."

"பெருசா?"

"என்னால தூக்க முடியல. இழுத்துக்கிட்டுதான் வந்தேன்."

"தூக்க முடியலயா? அடேங்கப்பா! எம் புள்ள தூக்க முடியாத கடல்நாயச் சுட்டிருக்கான்! ஏய், எல்லாரும் வாங்க, எம் புள்ள சுட்டிருக்கான்!"

இஜாக் தன் வீட்டில் இருப்பவர்களைக் கூப்பிட்டுக் கத்தியது ரீபாவின் சமையலறை முழுக்கக் கேட்டது. உலாயுக் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினாள். நுதாராக் விமானத்தில் அனுப்புவதற்குத் தோதான பெட்டி தேடி வெளியே போனான்.

இஜாக்குக்கு அந்தக் குழந்தை போனதற்கப்புறம் பிள்ளையே பிறக்கவில்லை என்பது, பெட்டி போய்ச் சேர்ந்த பிறகுதான் ரீபாவுக்குத் தெரிந்தது.