வைனோ உண்டாக்கிய டிராஃபிக்

வைனோ கங்காஸைப் போல ஒரு பிடிவாதக்காரனை மிச்சிகனின் வடகோடியில் நான் பார்த்ததில்லை. தாமிரச் சுரங்கத்தை மூடியபோது ஊரில் பாதிப் பேர் பெட்டி கட்டினார்கள். இந்தப் புண்ணியவான் அந்த வாரம்தான் வீட்டுக்குப் புதுக் கூரை போட்டான்.

போன வருஷக் கோடையில் ஆற்றுப் பாலத்துக்கு ஆபத்து வந்தது. ஆளே இல்லாத ஊருக்குப் பாலம் எதற்கு, இடித்துவிடலாம் என்று சாலைத் துறையில் பேச்சு. அதற்கு முன் ஒரு வாரம் வண்டிகளை எண்ணிப் பார்ப்பதற்காக, பாலத்தின் குறுக்கே, சக்கரம் ஏறி இறங்குவதை எண்ணும் கறுப்பு ரப்பர் குழாய் ஒன்றைப் போட்டுவிட்டுப் போனார்கள். அக்கரையில்தான் முதியோர் இல்லம். அதில் வைனோவின் மனைவி ஐலி. தினமும் மதியம் அவன் கையால் ஊட்டினால்தான் சாப்பிடுவாள். பாலம் போனால் நாற்பது மைல் சுற்று; பனிக்காலத்தில் அந்த வழியும் அடைத்துவிடும்.

"ஏறுடா வண்டியில," என்றான் என்னிடம்.

"எங்கடா?"

"அக்கரைக்கு."

"போயி?"

"திரும்பி வரணும்."

ஏழு நாளும் இதே பிழைப்பு. என் இடுப்பு கழன்றுவிட்டது. மூன்றாம் நாள் படகு ஏற்றும் டிரெய்லரையும் பின்னால் மாட்டினான். சக்கரம் கூடினால் எண்ணிக்கையும் கூடுமாம். விஷயம் பரவி, ஊரே வண்டியும் கையுமாக இறங்கியது; பாஸ்டரே சர்ச் வேனோடு வந்துவிட்டார்.

"பாவமில்லையா பாஸ்டர்?" என்று கேட்டேன்.

"நான் வண்டிதானப்பா ஓட்டுறேன். குழாய் பொய் சொன்னா நான் என்ன பண்றது?"

கொஞ்சம் ஓவராகத்தான் போய்விட்டது. முன்னூறு பேர் உள்ள ஊரில் நாளுக்கு இரண்டாயிரம் வண்டி! அதிகாரிகள் மிரண்டுபோய்ப் பாலத்தைப் பலப்படுத்தினார்கள். அதோடு விட்டார்களா? நெரிசலைச் சமாளிக்க இக்கரையில் ஒரு சிக்னலையும் நட்டுவைத்தார்கள்.

நேற்று அவனோடு போனேன். சிவப்பு விழுந்தது. நின்றான். முன்னாலும் பின்னாலும் ஈ காக்கை இல்லை. ஐலிக்காகச் சுட்டெடுத்த பேஸ்டி, கறியும் உருளைக்கிழங்கும் அடைத்த ரொட்டி, அவன் மடியில் ஆறிக்கொண்டிருந்தது.

"யாருமில்லையே, போய்த் தொலையேன்டா!"

"வாய மூடு. சிவப்புல போனா, ஊர்ல ஆளில்லன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

இன்னும் இரண்டு திட்டுத் திட்டிவிட்டு, பச்சை விழும்வரை நானும் அவனோடு உட்கார்ந்திருந்தேன்.

ஐலி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏன்யா இவ்வளவு லேட்டு?"

வைனோ பேஸ்டியைப் பிட்டுக்கொண்டே சலித்துக்கொண்டான். "என்னத்தச் சொல்ல, ஐலி. ஊருக்குள்ள ஒரே டிராஃபிக்கு!"