சக்கர வீட்டுக்கு ஒரு ஆதாரம்

எமர்ஜென்சி வருவதற்கு முந்தின வருஷம், மாசி மாதத்தில், எஸ்டேட்டில் என் கணவருடைய பேரை வெட்டினார்கள். போடிமெட்டுக்குப் பக்கத்தில், கேரள எல்லைக்குள், ஏலக்காய் எஸ்டேட். மரம் வெட்டிய இடத்தில் உருண்டு வந்த மரத்தடி அவர் கால்மேல் ஏறிவிட்டது. கால் பிழைத்தது, நடை பிழைக்கவில்லை. நடக்க முடியாதவனுக்கு மலையில் என்ன வேலை? பேர் போனால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் போகும். எனக்கு எஸ்டேட்டில் பேர் பதியவே இல்லை. சீசனுக்குக் கூப்பிடுவார்கள், சீசன் முடிந்தால் மறந்துவிடுவார்கள். மழைக்கு முன்னால் அறையைக் காலி செய்யச் சொல்லி மேனேஜர் ஆள் அனுப்பினார்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் பெருக்கி மெழுகின அறை அது. என் மகள் பிறந்ததும் அங்கேதான். சொந்த ஊரில் எங்களுக்கு ஒரு முழம் மண் கிடையாது. அன்று நான் அழவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. மேனேஜர் மேல் கோபம், தடி மேல் கோபம், ஆண்டவர் மேலும் கோபம். நம் சபையார் இதைப் படித்து முகம் சுளித்தாலும் பரவாயில்லை, நடந்ததைத்தானே சாட்சி என்கிறோம்.

மெட்டை ஒட்டின ரோட்டு வளைவில் ஒரு சக்கர வீடு நின்றுகொண்டிருந்தது. உங்களில் பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும். ரோடு போடும் காலத்தில் சூப்பர்வைசர் தங்குவதற்காக, தகரச் சுவரும் பலகைத் தரையும் இரும்புச் சக்கரமுமாகச் செய்து, ரோட்டு ரோலருக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு வந்த வீடு. ரோட்டு வேலை முடிந்ததும் காண்ட்ராக்டர் வர்க்கி முதலாளி அதைத் தன் சொந்த நிலத்திலேயே நிறுத்திவிட்டார். ஐந்து சென்ட் சரிவு நிலம், பட்டா உள்ளது. கீழே தன் ஊர்ப் பக்கம் ரப்பர் தோட்டம் வாங்கப்போகிறார் என்றும், வீட்டையும் நிலத்தையும் சேர்த்தே விற்கப்போகிறார் என்றும் கேள்விப்பட்டேன். போய்ப் பார்த்தேன். உள்ளே ஒரு பலகைக் கட்டில், ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் போடிப் பள்ளத்தாக்கு முழுதும் தெரிந்தது. எனக்கு வேண்டும் என்று அப்போதே மனசு அடம் பிடித்தது.

கையில் ஒரு சினை ஆட்டைத் தவிர எங்களுக்குச் சொத்து இல்லை. ஆகவே பஸ் ஏறிக் கூட்டுறவு சொசைட்டிக்குப் போனேன். அங்கே வீட்டுக் கடன் கொடுக்கிறார்கள் என்று சொல்லியிருந்தார்கள்.

செக்ரட்டரி மலையாளத்துக்காரர். தலை நிமிராமலே கேட்டார்.

"ஆதாரம் உண்டோ?"

எனக்கு மனசு நிறைந்துபோனது. ஆபீசில் இப்படி ஒரு கேள்வி கேட்கிறாரே, பக்தியுள்ள மனுஷன் என்று நினைத்தேன். "உண்டு சார். ஆண்டவர்தான் எங்களுக்கு ஆதாரம்" என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். பக்கத்து மேஜைக்காரர் முதலில் சிரித்தார், பிறகு எல்லோருமே சிரித்தார்கள். "சேச்சி, அந்த ஆதாரம் இவிடே பணயம் வைக்கான் பற்றில்ல" என்றார் செக்ரட்டரி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. அங்கே வேலை பார்த்த ஒரு தமிழ்ப் பெண்தான் என்னை ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னாள்: "அக்கா, இவங்க பாஷையில ஆதாரம்னா நிலத்துப் பத்திரம். அதைத்தான் அடகு வைக்கக் கேக்கறாங்க."

எத்தனையோ எஸ்டேட் வார்த்தை எங்களுக்குத் தெரியும். மஸ்டர், கங்காணி, பேர் வெட்டு, எல்லாம் தெரியும். பத்திரத்துக்கு மலையாளத்தில் என்ன சொல்கிறார்கள் என்று மட்டும் தெரியாது. நிலமே இல்லாதவளிடம் அந்த வார்த்தையை யார் வந்து பேசியிருப்பார்கள்? பஸ்ஸில் திரும்பி வரும்போது என் காதுமடல் எரிந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தது போகட்டும். ஆண்டவர் பேரைச் சொல்லியல்லவா சிரித்தார்கள், அவருக்கு ரோஷம் வரவேண்டாமா என்று வழிநெடுக அவரிடமே சண்டை போட்டேன்.

வர்க்கி முதலாளியிடம் கேட்டுப் பத்திரத்தின் நகலை வாங்கிச் சொசைட்டியில் கொடுத்தேன். செக்ரட்டரி ஒருநாள் வீட்டை நேரில் வந்து பார்த்தார். குனிந்து சக்கரத்தைப் பார்த்தார், சுற்றி வந்து திரும்பவும் பார்த்தார்.

"இது வீடாணோ, வண்டியாணோ?"

"வீடுதான் சார்."

"வீடாணெங்கில் தறையில உறைக்கணும். வண்டியாணெங்கில் நம்பர் வேணும். இது ரெண்டும் இல்லல்லோ!"

விஷயம் இதுதான். சக்கரத்தைக் கழற்றி, அஸ்திவாரத்தில் உட்காரவைத்து, பஞ்சாயத்தில் வீட்டு நம்பர் வாங்கினால்தான் கடன். வெறும் சரிவு நிலத்துக்கு அவர்கள் கடன் தரமாட்டார்கள். சரி, கழற்றிவிடலாம் என்று முதலாளியிடம் போனால் அவர் குதித்தார்.

"பைசா முழுசும் கையில தந்துட்டு சக்கரம் ஊரிக்கோ எஸ்தரே. நாளைக்கு நீ தரலேன்னா நான் எதை வலிச்சு இழுத்திட்டுப் போகும்?"

சக்கரத்தைக் கழற்றாமல் பணம் கிடைக்காது. பணம் இல்லாமல் சக்கரத்தைக் கழற்ற முடியாது. அங்கேயும் இங்கேயும் நடந்து என் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம்.

இதோடு ஒரு ஜாமீனும் வேண்டும் என்றார்கள். நிலமோ நிரந்தரச் சம்பளமோ உள்ள ஆள் கையெழுத்துப் போட வேண்டும். என் கணவரின் அண்ணன் தேவசகாயம் அப்போது எஸ்டேட்டில் கணக்குப்பிள்ளை, நம் சபையின் மூப்பர். தேவனுடைய சகாயம் என்று அவருக்குப் பேர் வைத்தவர்கள் நல்லெண்ணத்தில்தான் வைத்திருப்பார்கள். அவர் இதைப் படிப்பார் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

"இந்தா பாரு எஸ்தரு, ஜாமீன் நிக்கது வேதத்துக்கு விரோதம். மூப்பனா இருந்துக்கிட்டு நான் அதச் செய்யப்படாது. ஆனா ஒங்களுக்காவ முழங்கால்ல நிக்கேன்" என்றார்.

"அத்தான், சொசைட்டில முழங்காலைக் கேக்கல. கையெழுத்தத்தான் கேக்காவ" என்றேன்.

அவர் கண்ணை மூடி அங்கேயே ஜெபிக்கத் தொடங்கிவிட்டார். நீளமான ஜெபம். எங்கள் லயத்து நம்பர் முதற்கொண்டு ஆண்டவருக்கு விவரமாகச் சொன்னார். அவர் மனைவி, என் ஓரகத்தி அக்கா, வைத்த காப்பி ஆறிப்போனது. நான் ஆமென் சொல்லவில்லை. சபையில் இன்னும் சிலரிடம் கேட்டேன். எல்லோருமே ஜெபிக்கிறேன் என்றார்கள். அந்த மாதம் இந்த மலையில் எனக்காக ஜெபிக்காத ஆளே இல்லை, கையெழுத்துப் போட்ட ஆளும் இல்லை.

வைகாசி முடிந்தது. எஸ்டேட் வாட்ச்மேன் வந்து எங்கள் அறைக் கதவைக் கழற்றிக்கொண்டு போனான். வாசலில் கம்பளியைத் தொங்கவிட்டு உள்ளே இருந்தோம். ஆட்டை லயத்தில் கட்டக் கூடாது என்று சொல்லிவிட்டதால், முதலாளியிடம் கெஞ்சிச் சக்கர வீட்டுக்கு அடியில் கட்டினேன். அது குட்டி போட்டதும் தாயையும் குட்டியையும் விற்று முன்பணம் கொடுப்பதாகப் பேச்சு. அதற்குள் போடியிலிருந்து ஒரு ஆள் வந்துவிட்டான். நிலம் அவனுக்கு வேண்டாம், வண்டி மட்டும் போதும், பஸ் ஸ்டாண்டில் நிறுத்தி டீக்கடை போடப்போகிறான். திங்கட்கிழமை டிராக்டரோடு வருவதாகச் சொல்லி முதலாளியிடம் பேசி முடித்துவிட்டுப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நான் நேரே அந்த வீட்டுக்குப் போனேன். மழை பிடித்திருந்தது. படியில் உட்கார்ந்துகொண்டேன். அழகான வார்த்தை ஒன்றும் வரவில்லை. "சுவாமி, உம்மைப் பார்த்துச் சிரித்தவர்கள் முன்னாலே எனக்கு இதை வாங்கித் தாரும் என்று கேட்கவில்லை. எனக்குக் கடன் தர வேண்டாம், ஜாமீன் தர வேண்டாம். இந்த வீட்டை மட்டும் இங்கிருந்து நகரவிடாதேயும்" என்று சொன்னேன். வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. ஆட்டுக்குத் தழை போட்டுவிட்டு வந்தேன்.

மழை விடவேயில்லை. விடிந்ததும் மகள் ஓடிவந்து, மேட்டுச் சரிவு இறங்கிவிட்டது என்றாள். என் கணவர் கம்பு ஊன்றி வாசல்வரை வந்து நின்றுவிட்டார். நான் ஓடினேன். ரோடு இரண்டு பக்கமும் அடைபட்டிருந்தது. டிராக்டர் எப்படி வரும்? சக்கர வீடு நின்ற இடத்திலேயே நின்றது, சாயவில்லை, ஒரு தகரம்கூடப் பெயரவில்லை. ஆனால் மேலேயிருந்து வந்த மண் அதன் பலகைத் தரைவரைக்கும் ஏறிக் கெட்டித்துவிட்டது. சக்கரம் ஒன்றையும் காணோம்.

ஆட்டையும் காணோம். கயிற்றின் நுனி மட்டும் மண்ணுக்கு வெளியே கிடந்தது.

கேட்டது அப்படியே கிடைத்தது. வீடு நகராமல் இருக்கத்தானே கேட்டேன்? ஆட்டைப் பற்றி ஜெபத்தில் சொல்ல மறந்துபோனேன். அங்கேயே சேற்றில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். ஸ்தோத்திரம் சொல்லி அழுதேனா, வயிறெரிந்து அழுதேனா என்று என்னைக் கேட்காதீர்கள். வயிற்றுக் குட்டியோடு செத்த வாயில்லா ஜீவன் அது.

ரோடு சரியானதும் வர்க்கி முதலாளி ரோலரோடு வந்து இழுத்துப் பார்த்தார். சங்கிலிதான் அறுந்தது. கூலி கொடுத்துத் தோண்டிப் பார்த்தார், அச்சு வளைந்திருந்தது. போடிக்காரன் தனக்கு வேண்டாம் என்று கழன்றுகொண்டான். முதலாளிக்கோ ரப்பர் நிலத்துக்குப் பணம் கட்ட வேண்டிய நெருக்கடி.

"நீ ஜெபிச்சு என்றெ வண்டியை மண்ணில தாழ்த்தியல்லோ!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார்.

"இனி அது வண்டி இல்ல முதலாளி, வீடு. சொசைட்டில பணம் தருவாவ, ஒங்க கைக்குத்தான் வரும். ஒரு ஜாமீன் மட்டும் வேணும்" என்றேன்.

அவர் பல்லைக் கடித்த சத்தம் எனக்குக் கேட்டது. அவரும் அந்தச் சொசைட்டியில் மெம்பர், நிலமுள்ளவர். தன் பணம் தன் கைக்கு வருவதற்காக எனக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டார், என்னைத் திட்டிக்கொண்டேதான் போட்டார். ஆண்டவர் முதலில் அன்பான ஆட்களைத் தேடிப் பார்த்திருப்பார். கிடைக்கவில்லை. கிடைத்த ஆளைப் பிடித்துவிட்டார்.

செக்ரட்டரி மறுபடி வந்தார். குனிந்து, நிமிர்ந்து, "சக்கரம் எவிடே?" என்றார்.

"தறையில உறைச்சாச்சு சார்" என்றேன், அவருடைய வார்த்தையிலேயே. அன்று அவர் சிரிக்கவில்லை. பஞ்சாயத்துக்காரர்கள் தகரச் சுவரில் நம்பர் எழுதினார்கள். நிலமும் வீடும் என் பேரில் பதிவாகி, சொசைட்டிக்கு அடகு போகுமுன் ஆதாரம் ஒருதரம் என் கைக்கு வந்தது. முழுதும் மலையாள எழுத்து. என் பேர் எங்கே இருக்கிறது என்று மட்டும் விரலை வைத்துக் காட்டச் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு அத்தான் எழுந்து சாட்சி சொன்னார். தான் முழங்காலில் நின்றதால் ஆண்டவர் மலையையே அசைத்தார் என்றார். சபை அல்லேலூயா சொன்னது. என் நகக்கண்ணில் அந்தச் சேறு இன்னும் இருப்பதுபோல் எனக்குத் தோன்றியது. அன்றும் நான் ஆமென் சொல்லவில்லை.

பிறகு எங்கள் வாழ்க்கை மாறியது, அதை மறைக்க மாட்டேன். போடிக்காரன் போட நினைத்த டீக்கடையை என் கணவர் அந்த ஜன்னலிலேயே போட்டார். வளைவில் பஸ் மெதுவாகத்தான் வரும். உட்கார்ந்தபடியே காப்பி ஆற்றிக் கொடுப்பார். நடை போனவருக்கு அந்த ஜன்னல் போதுமாக இருந்தது. தவணை தவறவில்லை. இந்த வருஷம் கடைசித் தவணையும் கட்டியாகிவிட்டது.

போன மாதம் அத்தானுக்கு எஸ்டேட்டில் ஓய்வு கொடுத்தார்கள். கணக்குப்பிள்ளை குவார்ட்டர்சும் எஸ்டேட்டுடையதுதானே? காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். மெட்டுக்கு மேலே கொஞ்சம் நிலம் பார்த்திருக்கிறார். எங்கள் வீட்டுப் பலகைக் கட்டிலில் வந்து உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டு சொசைட்டிக் கடனுக்கு ஜாமீன் கேட்டார்.

"அது வேதத்துக்கு விரோதம் இல்லியா அத்தான்?"

"வயசாயிட்டு எஸ்தரு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

ஜன்னலில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்த என் கணவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் கையெழுத்துப் போட்டேன். மன்னித்துவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன், மனசு இன்னும் கசக்கிறது. ஆனாலும் கதவில்லாத வாசலில் கம்பளி தொங்கினதை நான் பார்த்தவள். அக்கா அப்படி ஒரு வாசலில் உட்காரக் கூடாது. அத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஜெபம் பண்ணுவோமா?" என்றார். "நீங்க பண்ணுங்க அத்தான், நான் காப்பி போடுதேன்" என்றேன். அவருடைய ஜெபம் இந்தத் தடவை ரொம்பச் சின்னதாக இருந்தது. அடுப்படியிலிருந்து ஆமென் சொன்னேன்.

சபையாரே, ஆண்டவர் கேட்கிறார். சத்தியமாகக் கேட்கிறார். நானும் அவரை நம்புகிறேன், சண்டை போட்டுக்கொண்டே நம்புகிறேன். நீங்களும் நம்புங்கள், மனசில் இருப்பதை அப்படியே சொல்லிக் கேளுங்கள். ஆனால் உங்கள் வாசலில் ஒருவர் கையெழுத்துக் கேட்டு வந்து நின்றால், ஜெபிக்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். ஆண்டவர் அந்த ஜெபத்தைக் கேட்டுவிட்டால் எங்கேயாவது மலை சரியும், யாருடைய ஆடாவது சாகும். நீங்கள் பேனாவை எடுத்தால் அவர் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.