மூத்தவனின் முனகல்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். அது நடந்தபோது அங்கே இருந்தவள் நான்.

ஹுப்பள்ளியில் ஓர் ஆஸ்பத்திரியில், பச்சிளம் குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்தேன். குறைமாதப் பிள்ளைகளுக்கு நுரையீரல் சரியாக விரியாது. மூச்சுக்குழாய் வழியே ஒரு மருந்தைச் செலுத்தி விரிய வைப்போம். அதில் ஒரு வகை பசுவின் நுரையீரலிலிருந்து எடுப்பது, இன்னொன்று பன்றியிடமிருந்து. எது மேல் என்று டாக்டர் அனசூயா படகி ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்தப் பிள்ளைக்கு எது என்பதைச் சீட்டு முடிவு செய்யும்.

அந்த மழைக்காலத்தில் சிவக்கா என்பவளுக்கு ஏழாம் மாதமே ஆபரேஷனில் இரட்டை ஆண் பிள்ளைகள் பிறந்தன. டாக்டர் அவள் புருஷன் நிங்கப்பாவிடம் எல்லாம் விளக்கிச் சம்மதம் கேட்டார்.

"பன்னியா? எங்க வீட்டுல முட்டைகூட உடைச்சதில்லையேம்மா," என்றான். கையெழுத்துப் போடப் பேனாவை வாங்கிக்கொண்டான். "எதுவோ ஒண்ணு. மூச்சு விட்டாப் போதும்."

மூத்தவனுக்குப் பசு விழுந்தது. இளையவனுக்குப் பன்றி.

இளையவன் தேறினான். மூத்தவனோ ஒவ்வொரு மூச்சுக்கும் முனகினான். மறுபடி மருந்து கொடுத்தும் பலனில்லை. மறுநாள் காலை முனகல் நின்றது. மருந்தைக் குற்றம் சொல்ல முடியாது, நுரையீரலில் ரத்தம் கசிந்துவிட்டது என்றார் டாக்டர். ஊரில் புதைக்க நிங்கப்பா எடுத்துப் போனான். தையல் ஆறும்வரை சிவக்காவிடம் சொல்ல வேண்டாம் என்று எங்களைக் கேட்டுக்கொண்டான்.

அன்று மதியம் அடைமழை. வார்டுக்குள் இருட்டிக் கிடந்தது. நான் மட்டும்தான் இருந்தேன்.

"ங்ஹ்..."

நிமிர்ந்தேன்.

"ங்ஹ்... ங்ஹ்..."

மூத்தவனின் தொட்டிலிலிருந்து. அது காலி. விரிப்பை மாற்றியதே நான்தான்.

நெருங்கினேன். விரிப்பின் நடுவே சின்னதாக ஒரு குழி. அது எழுந்தது... குழிந்தது... எழுந்தது...

பின்வாங்கினேன். இளையவனின் தொட்டிலில் முதுகு இடித்தது. திரும்பினேன்.

உடம்பெல்லாம் நீலம்.

மூக்குக் குழாய் கழன்று கிடந்தது. திரையிலோ ஆக்சிஜன் தொண்ணூற்றைந்து, எல்லாம் சரி என்பதுபோல. அலாரம் அடிக்கவில்லை.

முகமூடியை வைத்துக் காற்றை அழுத்தினேன். மறுபடி. மறுபடி...

சிவந்தான். அழுதான்.

முனகல் நின்றிருந்தது.

கூப்பிட்டதும் டாக்டர் ஓடிவந்தார். கருவியில் ஒரு கோளாறும் இல்லை என்றார்.

பிறகு இளையவனுக்குத் தாய்ப்பால் வாங்க மாடிக்குப் போனேன். சிவக்காவின் ரவிக்கை நனைந்திருந்தது. முகமெல்லாம் சிரிப்பு.

"இப்பதான் மூத்தவன் குடிச்சான் சிஸ்டர்."

அந்த மாதத்துப் பிள்ளைக்குச் சப்பவே தெரியாது.

"யாரு கொண்டாந்தா?"

"தெரியலையே. கண்ணு முழிச்சேன், பக்கத்துல கெடந்தான். முனகிட்டே இருந்தான். மார்ல வச்சதும் அடங்கிட்டான்."

குரலைத் தாழ்த்தினாள்.

"கோவிச்சுக்காதீங்க சிஸ்டர். பிள்ளைய இப்படியா வச்சிருப்பீங்க? காதுல, மூக்குல, வாயில எல்லாம் மண்ணு. நான்தான் தொடச்சு விட்டேன்."

முந்தானையை விரித்துக் காட்டினாள்.

கரிசல் மண். ஈரமாக.