முடிச்சில் இருந்த ஐந்நூறு

கோமதி போய்விட்டாள் என்ற செய்தி வந்தபோது, நான் காய்கறிக் கடையில் ஒரு பத்து ரூபாய் நாணயத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். "இது ஓடாது தாயி, நோட்டா இருந்தா குடுங்க" என்றார் கடைக்காரர். "பேங்க்ல கேஷியரா இருந்தவ சொல்லுதேன், செல்லும்" என்று நான் எகிறிக்கொண்டிருந்தேன். கைபேசி அதிர்ந்தது. நம் பேங்க் கிளையில் ஓய்வுபெற்றவர்களின் இந்த வாட்ஸ்அப் குழுவில், கோமதியின் எண்ணிலிருந்தே அவள் மகள் வடிவு இரண்டு வரி போட்டிருந்தாள். தூக்கத்திலேயே போய்விட்டாளாம். படித்துவிட்டு, நோட்டையே கொடுத்துக் கத்திரிக்காய் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அழுகை வரவில்லை. இதை எழுதும்போதும் வரவில்லை. உங்களில் யாருக்காவது வந்திருந்தால் சொல்லுங்கள், எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

அவளும் நானும் அடுத்தடுத்த கவுண்டர். மாலையில் கதவடைத்த பிறகு நல்ல நோட்டு தனி, அழுக்கு நோட்டு தனி என்று பிரிப்போம். டிவியில் அறிவித்தால்தான் நோட்டு ஒழியும் என்று ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது. அன்றாடம் சத்தமில்லாமல் எங்கள் கைவழியாக எத்தனையோ நோட்டு வெளியேறிக்கொண்டுதான் இருந்தது. மீன்காரம்மா கணக்கில் கட்டிய நோட்டு ஈரமாக இருக்கும். உடன்குடிக் கருப்பட்டி வியாபாரி கட்டியது விரலோடு ஒட்டிக்கொண்டு வரும். கோமதி முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. "நல்லா உழைச்சிருக்குளா, இனி வீட்டுக்குப் போகட்டும்" என்று சொல்லிக் கட்டுப் போடுவாள். "நம்மளையும் ஒருநாள் இப்படிக் கட்டி அனுப்பிருவாங்க" என்று நான் கிண்டல் செய்தால், "ஒன்ன மொதல்ல அனுப்புவாங்க, நீதான் ரொம்பக் கசங்கியிருக்க" என்பாள். அவள் சொன்னதில் பலிக்காதது இது ஒன்றுதான்.

நாலணா செல்லாமல் போகப் போகிறது என்று அறிவித்த சமயத்தில், சாத்தான்குளத்துக்காரப் பெண் ஒருத்தி மஞ்சள் துணி முடிச்சு ஒன்றைக் கொண்டு வந்தாள். பிள்ளை வரம் வேண்டிக் குலதெய்வத்துக்கு முடிந்துவைத்த காணிக்கை. வேண்டுதல் இன்னும் பலிக்கவில்லை, அதற்குள் காசு செத்துப்போகுமே என்று அவளுக்குப் பயம். மாற்றித் தரச் சொல்லிக் கெஞ்சினாள். நான் கையை நீட்டிவிட்டேன். கோமதி தடுத்தாள். "முடிஞ்சத அவுக்காதீங்க. எப்பப் பலிக்குதோ அப்ப அப்படியே உண்டியல்ல போடுங்க. கடைசித் தேதியெல்லாம் நமக்குத்தான், சாமிக்குக் கிடையாது." அந்தப் பெண் முடிச்சைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள்.

கோமதி வீட்டுப் பூஜை அலமாரியிலும் அப்படியொரு மஞ்சள் முடிச்சு இருந்தது உங்களில் பலருக்குத் தெரியாது. உள்ளே ஓர் ஐந்நூறு ரூபாய்த் தாளும் ஒரு ரூபாய் நாணயமும். குறுக்குத்துறையில் இருந்த பிறந்த வீட்டை அப்பா அவள் பெயருக்கு எழுதிவைத்துவிட்டுப் போனதில், தம்பி இசக்கிமுத்துவுக்கும் அவளுக்கும் பெரிய சண்டை. பாதியை எடுத்துக்கொள் என்று அவள் சொல்லியும் அவன் கேட்கவில்லை. "இனி இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனவன், போனவன்தான். அவன் வீடு வந்து சேர்ந்தால் குலதெய்வம் சாஸ்தாவுக்குச் செலுத்துவதாக அவள் முடிந்துவைத்தாள்.

ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்த அந்த நவம்பர் உங்களுக்கு நினைவிருக்கும். வாசலில் போலீஸ், தெருமுனை வரை வரிசை, நமக்குச் சோறு தண்ணி இல்லை. அந்த வரிசையில் ஒருநாள் இசக்கிமுத்து வந்தான். நேராக அவள் கவுண்டருக்கே வந்தான். பழைய தாள்களையும் அடையாள அட்டை நகலையும் உள்ளே தள்ளினான். நகலில் இருந்த அப்பா பெயரைப் பார்த்துவிட்டு அவள் நிமிர்ந்தாள். நூறு ரூபாய்த் தாள்களை எடுத்துக் கொடுத்தாள். "எண்ணிப் பாத்துக்கிடுங்க" என்றாள். பொடியனாகத் தோளில் தூக்கித் திரிந்த தம்பியிடம் 'ங்க' போட்டுப் பேசினாள். அவன் பைய ஒவ்வொன்றாக எண்ணினான். பின்னால் வரிசை கூச்சல் போட்டது. அவள் அவனை அவசரப்படுத்தவில்லை. எண்ணி முடித்ததும் அவன் போய்விட்டான்.

சாயங்காலம் நான் ஆற்றாமல் கேட்டேன். "கூப்பிட்டிருக்கலாமேளா?"

"கூப்பிட்டா வந்துருவான். கூப்பிடாம வரணும்னுல்லா முடிஞ்சிருக்கேன்."

"சரி, அந்த முடிச்சுல இருக்க ஐந்நூறையாவது எடுத்து மாத்து. நாள் போயிட்டிருக்கு."

"அவுத்தா, வேண்டாம்னு சொன்ன மாதிரி ஆயிரும்ளா" என்றாள். ஊர் நோட்டையெல்லாம் மாற்றிக் கொடுத்தவள் தன் ஐந்நூறை மட்டும் மாற்றவில்லை. கடைசித் தேதி வந்தது, போனது.

போன வாரம் குறுக்குத்துறை வீட்டில் அவளைக் கிடத்தியிருந்தார்கள். பிறந்த வீட்டுக் கோடி போடாமல் எடுக்கக் கூடாது என்றார்கள் பெரியவர்கள். அவள் கிடந்ததே பிறந்த வீட்டில்தான். கோடிச் சேலை கொண்டுவர வேண்டியவன் உலகத்தில் ஒருவன்தான். வடிவு அவனுக்குத் தகவல் மட்டும் சொல்லியிருந்தாள், வா என்று சொல்லவில்லை. உச்சிப்பொழுது தாண்டி இசக்கிமுத்து வந்தான். கையில் சேலைப் பொட்டலம், தலை பாதி நரைத்திருந்தது. தெருவிலேயே கொஞ்ச நேரம் நின்றான். பிறகு வாசப்படியை மிதித்து உள்ளே வந்தான். எனக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் அழுதார்கள். நான் சேலையின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அரக்கு.

எல்லாம் முடிந்து ஆற்றில் குளித்துவிட்டு வந்தவனிடம் வடிவு அந்த முடிச்சைக் கொடுத்து விஷயத்தைச் சொன்னாள். அவன் அவிழ்க்கப் போனான். "பழைய நோட்டுல்லா, செல்லாதே. நான் புதுசு வச்சு முடியுதேன்" என்றான். "அவுக்காத தம்பி. சாமிக்குக் கடைசித் தேதி கிடையாதுன்னு ஒங்க அக்கா சொல்லுவா. பங்குனி உத்திரத்துக்கு அப்படியே கொண்டு போடு" என்றேன்.

முடிச்சைக் கையில் வைத்துக்கொண்டு அவன் என்னிடம் கேட்டான். "யக்கா, அன்னைக்கு பேங்க்ல எங்கக்கா என்னய அடையாளம் கண்டுச்சா? கண்டும் வேண்டாம்னு இருந்துச்சா? எல்லார்ட்டயும் சொல்லுத மாதிரி, எண்ணிப் பாத்துக்கிடுங்கன்னு சொல்லிட்டுது. இத்தனை வருசமா அதான் மனசுல கெடக்கு."

"எல்லார்ட்டயும் எங்க சொன்னா? அந்தக் கூட்டத்துல அதுக்கு நேரம் ஏது? பணத்தக் குடுத்து அடுத்த ஆளக் கூப்பிடவே சரியா இருந்துச்சு. ஒன்கிட்ட மட்டுந்தான் சொன்னா" என்றேன். அவன் வாசப்படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

கோமதியின் பொருள் என்று என்னிடம் ஒன்றும் இல்லை. நான் வைத்திருப்பது அந்த ஒரு பேச்சுதான்: எண்ணிப் பாத்துக்கிடுங்க. எதிரே நிற்கிறவன் இன்னும் கொஞ்ச நேரம் நிற்கட்டும் என்று அவள் சொன்னது.