தலையணைக்கு ஒரு படம்

பூ பார்க்க வருகிறவர்கள்மேல் ஒரு வருத்தமும் இல்லை என்று எங்கள் ஊர்க்காரர்கள் பல்லைக் காட்டிக்கொண்டு சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். எனக்குக் கோபம் இருக்கிறது. கியோத்தோவில் பிறந்து, கியோத்தோவிலேயே ஹோட்டல் அறை துடைத்து முட்டி தேய்ந்த பொம்பளை நான். கோபப்பட எனக்கு உரிமை இல்லையென்றால் வேறு யாருக்கு இருக்கிறது?

மார்ச் கடைசி ஆனால் போதும், கடல் தாண்டி வந்து குவிவார்கள். செர்ரி பூத்து நிற்பதைப் பார்க்காமல் செத்தால் நெஞ்சு வேகாது என்கிற மாதிரி ஒரு பரபரப்பு. பஸ்ஸில் நாங்கள் நிற்போம், அவர்களுடைய பெட்டிகள் உட்கார்ந்து வரும். காலையில் அறையைத் திறந்தால் பல் தேய்க்கிற டம்ளரில் ஒடித்து வந்த கிளை ஒன்று நிற்கும். குளியல் தொட்டியில் இதழ்களைக் கொட்டி, அதில் படுத்துப் படம் எடுத்திருப்பார்கள். அடைத்துக்கொண்ட ஓட்டைக்குள் விரலை விட்டு நோண்டுவது யார்? நானும் யுகினோவும்தான்.

யுகினோவைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். எங்கள் ஹோட்டலில் இரண்டு பேர் சேர்ந்துதான் ஓர் அறையைச் செய்வோம். என் ஜோடி அவள். என்னைவிட முப்பது வயதாவது சின்னவள். வடக்கே, ஆப்பிள் விளைகிற பனிச் சீமைக்காரி. பதினைந்து வயதில் பள்ளிச் சுற்றுலாவில் இங்கே வந்திருக்கிறாள். கால்வாய்க் கரையில் பூ கொட்டிக்கொண்டிருக்கிறது, டீச்சர் விசில் ஊதுகிறாள், இவள் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

"என்னால மொத்தக் கிளாசும் பஸ்ஸுல காத்துக் கெடந்துச்சுக்கா. வாங்கின திட்டு இப்பவும் காதுல இருக்கு. ஆனா அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், இருந்தா இந்த ஊர்லதான் இருக்கணும்னு."

படிப்பு முடிந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். பூ அவளை அப்படி இழுத்திருக்கிறது. ஆகவே அவர்கள் ஏன் வருகிறார்கள் என்று அவளுக்குப் புரியும். நான் திட்டினால் அவள் அவர்களுக்குப் பரிந்துகொண்டு வருவாள். "பாவம்க்கா, எவ்ளோ தூரத்துலேர்ந்து வர்றாங்க" என்பாள். பூவுக்காக வந்தவள், வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒரு வசந்தத்தில்கூட மரத்தடியில் உட்கார்ந்து ஒரு வாய் சோறு தின்றதில்லை. நாலாம் மாடி ஜன்னலில் விரிப்பை உதறும்போது பார்ப்பதுதான்.

"ஏன்டி, பூ பாக்க வந்தியா, போர்வை மாத்த வந்தியா?" என்று சீண்டுவேன்.

"ரெண்டுக்கும் சேத்துத்தான் ஒரு ஜன்னல் வெச்சிருக்காங்கக்கா" என்பாள்.

கட்டியவன் ஒரு சமையல்காரன். பிள்ளை கைக்குழந்தையாக இருக்கும்போதே ஒசாக்கா பக்கம் போனான், போனவன் போனவன்தான். அந்தப் பிள்ளைதான் வகானா. போன ஏப்ரலில் ஒன்றாம் வகுப்பு.

எங்கள் நாட்டில் பள்ளிக்கூடம் தொடங்குவது ஏப்ரலில், பூவோடு பூவாக. முதல் நாள் பள்ளி வாசலில் 'பள்ளி நுழைவு விழா' என்று எழுதிய பலகை வைப்பார்கள். அதன் பக்கத்தில் புதுப் பையை மாட்டிக்கொண்டு பிள்ளை, பிள்ளை தோளில் கை வைத்துத் தாய். அப்படி ஒரு படம் இல்லாத வீட்டை நான் பார்த்ததில்லை. எழுபது வயதுக் கிழவனும் தன் படத்தை எடுத்துக் காட்டுவான். யுகினோவுக்கும் அந்தப் படம் வேண்டும். அவள் வேறெதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

ஜனவரியிலேயே லீவு கேட்டாள். பூக்காலத்தில் லீவு என்பது பெரிய குற்றம் எங்களிடம். அதனால் முறைப்படி எல்லோருக்கும் இனிப்பு வாங்கி வந்தாள், செர்ரி இலையில் சுற்றிய அரிசி உருண்டை. தின்றால் சம்மதம் என்று அர்த்தம், உன் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று அர்த்தம். மேனேஜர் கித்தாவாகி ஒன்று தின்றார். இலையோடு இன்னொன்றும் தின்றார். விரலைத் துடைத்துக்கொண்டே, "போயிட்டு வாங்க, பொண்ணுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்க" என்றார். என் காதால் கேட்டேன்.

பழைய துணிக் கடையில் ஒரு நீலக் கோட்டும் பாவாடையும் வாங்கினாள். நான் என் முத்துமாலையைக் கொடுத்தேன். பிள்ளைக்கு மஞ்சள் கொண்டை ஊசி ஒன்று வாங்கினேன், வாத்துக்குஞ்சு போட்டது.

அந்த வருஷம் குளிர் விடவில்லை, பூ தாமதம். ஊருக்குக் கிளம்ப வேண்டிய வெளிநாட்டுக் கூட்டம் ஒன்று, பூ பார்க்காமல் போகமாட்டோம் என்று அறைகளை நீட்டித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. அடுத்த கூட்டமும் வந்து சேர்ந்தது. பள்ளி விழாவன்று காலையில்தான் மரங்கள் மொத்தமாக விரிந்தன. அன்று காலையில்தான் யுகினோவின் போனும் அடித்தது.

கித்தாவாகிதான். இரண்டு பேருக்குக் காய்ச்சலாம். "ஒம்பது மணி வரைக்கும் மட்டும் வந்து கைகுடுங்க. விழா பத்தரைக்குத்தானே?"

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். வருஷா வருஷம் ஏப்ரலில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிற வேலை எங்களுடையது, அவளுடைய தாள் அவருடைய மேஜையில் கையெழுத்தாகாமல் கிடந்தது. தனியாகப் பிள்ளை வளர்க்கிறவள் எந்த வாயால் சொல்வாள்? கீழ் வீட்டுத் தெராசாகி குடும்பத்துப் பையனுக்கும் அதே பள்ளியில் அன்றுதான் முதல் நாள். அவர்களோடு வகானாவை அனுப்ப ஏற்பாடு செய்துவிட்டு, "பலகை பக்கத்துலயே நில்லு, அம்மா ஓடி வந்துருவேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள். ஏப்ரனுக்குள் முத்துமாலை தெரிந்தது.

ஒன்பது ஆயிற்று. நாங்கள் மூச்சு விடாமல் வேலையை முடித்தோம். கித்தாவாகி மாடிக்கு வந்தார். வெளியே போன கூட்டம் வாடகைக் கிமோனோ உடை மாற்றிக்கொண்டு படமெடுக்க ஹோட்டலுக்குத் திரும்பி வருகிறதாம். அதற்குள் அவர்களுடைய அறைகளும் ஆக வேண்டுமாம்.

எனக்கு வந்ததே ஆத்திரம். "சார், இவளுக்கு இன்னிக்கி லீவு. நீங்க இனிப்பு தின்னீங்களா, இல்லியா?"

"ஹிசாயோ, கொஞ்சம் மெதுவா பேசுங்க. எங்கிருந்தோ வர்றாங்க. பாவம், அவங்களுக்கு இந்தப் பூ வாழ்க்கைல ஒரு தடவதான்."

"இவ பொண்ணும் வாழ்க்கைல ஒரு தடவதான் ஒண்ணாங்கிளாசுக்குப் போவா!"

அவர் முகம் சுருங்கியது, ஆனால் அறைச் சாவிகளை நீட்டிய கை இறங்கவில்லை. யுகினோ வாங்கிக்கொண்டாள். நான்கு அறை செய்தாள். ஐந்தாவதில் நான் அவள் கையிலிருந்த துணியைப் பிடுங்கி, முதுகில் கை வைத்துத் தள்ளினேன். "போடி! நான் பாத்துக்கறேன், போய்த் தொலை!"

பஸ் வந்தது, நிற்காமல் போனது. அடுத்ததும் அப்படியே. கண்ணாடியெல்லாம் முகமும் பெட்டியும். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, பூத்த மரங்களுக்கு அடியிலேயே ஓடியிருக்கிறாள். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி, அவளையும் படமெடுத்தார்களாம்.

போய்ச் சேர்ந்தபோது மண்டபத்திலிருந்து பிள்ளைகள் வரிசையாக வெளியே வந்துகொண்டிருந்தார்கள். வாசலுக்கு ஓடினால் பலகை இல்லை. சுற்றுலாக்காரர்கள் மதில்மேல் ஏறி நின்று பிள்ளைகளைப் படமெடுக்க ஆரம்பித்ததால், விழா தொடங்கியதும் பலகையை எடுத்து உள்ளே வைத்து, வாசலையும் மூடிவிட்டார்கள். காவலாளி குனிந்து மன்னிப்புக் கேட்டான். இவளும் குனிந்தாளாம். நான் இருந்திருந்தால் குனிந்திருக்க மாட்டேன்.

"பரவால்ல, இங்கயே நில்லு, எடுத்துக்கலாம்" என்று இவள் போனைத் தூக்கியபோது, வகானா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டதாம். "பலகை இல்லாம வேண்டாம்."

இத்தோடு விட்டிருந்தால் நானும் மறந்திருப்பேன். மாதம் முடிவதற்குள் அடுத்த கூத்து. விருந்தாளிகள் எடுத்த பூக்காலப் படங்களில் சிறந்ததற்கு ஹோட்டல் பரிசு கொடுத்தது. துணி அறையில் காலைக் கூட்டத்தில் கித்தாவாகி ஒரு கட்டு அட்டைகளை எங்களிடம் கொடுத்தார். முகமெல்லாம் பூரிப்பு.

"முதல் பரிசுப் படம். பெரிசா ஒண்ணு லாபியில மாட்டியாச்சு. படத்துக்குப் பேர் 'வசந்தத்தின் தனிமை'. விருந்தாளிங்க பாத்துட்டுக் கண்ணு கலங்கறாங்க. ஒவ்வொரு தலையணை மேலயும் ஒண்ணு வைங்க. அடுத்த வருஷமும் வரணும்னு தோணும்."

அட்டையைத் திருப்பினேன். பள்ளி வாசல், பலகை. மேலே மரம் முழுக்கப் பூ, கீழே தரை முழுக்கப் பூ. நடுவில் முதுகைவிடப் பெரிய பையோடு ஒரு பெண் குழந்தை, தன்னந்தனியாக. முகத்தைத் திருப்பித் தெருவின் கோடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. தலையில் மஞ்சள் வாத்துக்குஞ்சு.

யுகினோவைப் பார்த்தேன். அவள் தன் பங்குக் கட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

முதல் அறை. விரிப்பை இழுத்துச் செருகினாள், தலையணையைத் தட்டினாள், அட்டையை வைத்தாள், கோணலாக இருந்ததை நேராக்கினாள்.

"வைக்காதடி. உன் கால்ல வேணாலும் விழறேன், வைக்காத."

அடுத்த அறையிலும் வைத்தாள். மூன்றாவது அறையில் அட்டையை வைத்தவள், செய்து முடித்த கட்டில்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அது எங்கள் வேலையில் செய்யவே கூடாத காரியம். கொஞ்ச நேரம் அந்தப் பிள்ளை முகத்தையே பார்த்தாள். பிறகு எழுந்து, அதை எடுத்து ஏப்ரன் பைக்குள் போட்டாள். திரும்பிப் போய் மற்ற இரண்டு அறையிலும் எடுத்தாள். என் கையிலிருந்த கட்டையும் வாங்கிக்கொண்டாள். விருந்தாளிகள் ஏறுகிற லிஃப்டில் ஏறினாள். நானும் பின்னாலேயே ஏறினேன்.

லாபியில் இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள் படத்தின் முன்னால் நெஞ்சில் கை வைத்து நின்றிருந்தார்கள். யுகினோ அவர்களுக்குக் குனிந்து வணக்கம் சொன்னாள். பிறகு சட்டத்தைச் சுவரிலிருந்து கழற்றினாள்.

கித்தாவாகி பதறி ஓடி வந்தார். "என்ன பண்றீங்க? அது விருந்தாளியோட படம்!"

"படம் அவரோடது. புள்ள என்னோடது."

"உங்க... யாருன்னே தெரியாதே, பாதி மொகந்தான்..."

"எனக்குத் தெரியும் சார். இது எடுத்த நேரத்துல நான் எங்க இருந்தேன்னு உங்களுக்கும் தெரியும்."

அப்போது என் வாய் திறந்தது. அதில் வந்ததையெல்லாம் அச்சில் ஏற்ற முடியாது. அரிசி உருண்டைக்கு நான் சொன்ன உபயோகத்தை மட்டும் கேட்டு வாசல்காரன் சிரித்துவிட்டான். வேலைக்காரர்கள் பின்வாசலில்தான் போகவேண்டும். நாங்கள் இரண்டு பேரும் ஏப்ரனோடு முன்வாசல் வழியாகவே வெளியேறினோம். வேறு வேலை கிடைக்கும், கை கால் இருக்கிறது.

சட்டத்தை மாற்றி மாற்றிச் சுமந்துகொண்டு அவள் வீட்டுக்கு நடந்தோம். மரங்களில் பூவெல்லாம் போய் இலை விட்டிருந்தது. வகானா பள்ளி விட்டு வந்தது. சுவரில் சாய்த்து வைத்திருந்ததைப் பார்த்ததும் குதித்தது.

"ஐ, பலகை இருக்கு! அப்ப நீ வந்துட்டியாம்மா? நீதான் எடுத்தியா?"

ஆமாம் என்று சொல்லித் தொலைக்கலாம் என்று எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. யுகினோ தலையை ஆட்டினாள். "இல்லடா. வேற யாரோ."

"ஓ, அந்த மாமாவா!" என்றது குழந்தை. "'இங்க பாரு, இங்க பாரு'ன்னு கையக் கைய ஆட்டினாரு. பொம்மைகூடக் காட்டினாரு. நான் திரும்பவே இல்ல பெரியம்மா."

"ஏன்டி கண்ணு?" என்று கேட்டுவிட்டேன்.

"அந்தப் பக்கம் திரும்பினா அம்மா வர்றது தெரியாதுல்ல."